ஏறாமல் தட்டிய கட்டை

இரவு இரண்டு மணி. வாத்துஜாரான் என்கிற மலையூர். அதன் கீழூரிலிருந்து மேல்குடிக்கு ஏறுகிற பாதை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு கல்படி. அந்தப் படியில் ஏற வேண்டிய ஓர் ஆள், ஓர் இரவு ஏறவில்லை. ஒரே ஓர் இரவு... கதை அவ்வளவுதான்.

இதைச் சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. காவல் கொட்டகையில் ஐந்து பேர், ஒரு தட்டு அவித்த மரவள்ளி, ஒரு லாந்தர், கூரையில் சடசடவென்று மழை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கிளறிவிட்டது தார்ஜோ. ஊரில் பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்ட புது மாப்பிள்ளை. வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. இன்றைக்குத்தான் முதல் காவல். புதுசு என்பதால் சுற்று முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டு நாங்கள் மரவள்ளி தின்றுகொண்டிருந்தோம். நனைந்த கோழி மாதிரி வந்து நின்றான்.

"மேல ஏறுனியா மாப்ள?" என்றேன்.

"ஏறுனேண்ணே. ஆளில்லாத மண்மேட்டப் பாக்க எதுக்கு ஏறணும்னுதான் தெரியல. ஏறச் சொன்னீங்க, ஏறுனேன்."

கூடையை வைத்தான். காவலுக்கென்று வீட்டுக்கு வீடு ஒரு பிடி போட்டு வாசலில் தொங்கவிடும் டப்பாக்களில் இருந்து அள்ளி வந்த அரிசி. தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்.

"ஆபீஸ் சுவத்துல ஊரப் பத்தி ஒரு பலகை இருக்குல்ல... இத்தனை ஜனம், ஊத்து ஒண்ணு, பள்ளிவாசல் ஒண்ணுன்னு. அதுல வீடு நாப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கு. எனக்குக் கெடச்சது நாப்பத்தொரு டப்பாதான். பாக்கி ஏழு வீடு எங்கண்ணே?"

மூலையில் கிராம்புச் சிகரெட்டு பிடித்துக்கொண்டிருந்த வாகிரான் தலையைத் தூக்கினார்.

"எத்தனை டப்பா?"

"நாப்பத்தொண்ணு, மாமா."

வாகிரான் சிகரெட்டு விரலைச் சுடும்வரை அப்படியே வைத்திருந்தார்.

வாகிரான் என் அக்கா வீட்டுக்காரர். இந்தக் கதையில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டு நான் ஒட்டவைத்தது இது. அவர் எதிரிலேயே சொன்னேன். தப்பென்றால் தடுக்கட்டும்.

"நெருங்கி உக்காருங்கப்பா. லாந்தரக் கொஞ்சம் இறக்கு."

சார்ப்பின் வாகிரானுக்குத் தாய்மாமன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் லாஸ்த்ரி. அவளை மேல்குடியில் கட்டிக்கொடுத்தார். அங்கே ஏழே வீடுகள். மேட்டு நிலம், சிவப்பரிசிதான் விளையும். கீழூரில் எங்களுக்கு வயல் உண்டு, வெள்ளையரிசி. அதில் எங்களுக்கு ஒரு மிதப்பு வேறு. அவர்கள் அரிசியைக் கோழித்தீவனம் என்போம். ஆனால் காவல் கூடையில் வெள்ளைக்கு நடுவே சிவப்பு கலந்திருந்தால்தான் காவல்காரர்கள் மேலே போய் வந்தார்கள் என்று அர்த்தம்.

லாஸ்த்ரி வீட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும். மூடி போட்ட கண்ணாடி டம்ளர், உள்ளே சுடச்சுட இஞ்சித் தண்ணீர். அப்பா காவலுக்கு வரும் இரவுகளில் ஒன்றரை மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுவாள். கருப்பட்டியை மட்டும் அள்ளிக் கொட்டிவிடுவாள். எத்தனை முறை சொல்லியும் அந்தக் கை அடங்கவில்லை.

"ஏம்மா, இது இஞ்சித் தண்ணியா, பாகா? என் வாயில எறும்பு மொய்க்குது."

"பேசாம குடிங்கப்பா. முட்டி வலிக்கு இனிப்பு நல்லது."

"எந்த டாக்டர் சொன்னான்?"

"நான் சொல்றேன்ல, போதாதா?"

கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் இறங்குவார். வாகிரான் அவரோடு ஜோடிக் காவல். அவருக்கும் பாதி டம்ளர் கிடைக்கும்.

சுற்று முடிந்து இறங்கியதும் கொட்டகையில் கட்டையைத் தட்ட வேண்டும். இதோ, நம் தலைக்கு மேல் தொங்குகிறதே, இதே குடைந்த பலாக்கட்டைதான். டொக்... டொக்டொக்டொக்டொக்... டொக். எல்லாம் பார்த்தாயிற்று, கேடில்லை, தூங்குங்கள் என்று அர்த்தம். ஆபத்தென்றால் நிறுத்தாமல் தட்ட வேண்டும். மேலே ஏறி, ஏழு வீட்டையும் ஊற்றையும் கண்ணால் பார்க்காமல் தூக்கத் தட்டு தட்டக்கூடாது. எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் அது சத்தியம் மாதிரி. பதினாறு வருஷம் சார்ப்பின் அதை மீறியதே இல்லை. என்ன செய்வது, யானைக்கும் அடி சறுக்கும்.

அன்றைக்கும் இதே மாதிரி மழை. மூன்றாம் நாளாக விடாத மழை. சார்ப்பினுக்கு முட்டி வீங்கி, கைலிக்கு மேல் துணி சுற்றியிருந்தார். இருபது படி ஏறினார், உட்கார்ந்துவிட்டார். வாகிரானுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

"மாமா, இந்த மழையில எந்தத் திருடன் வருவான்? வந்தா அவனுக்கும்தான் வழுக்கும். வாங்க, தட்டிட்டுப் படுப்போம்."

சார்ப்பின் மேலே பார்த்தார். மகள் வீட்டு விளக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. டம்ளர் வைத்திருப்பாள். ஆறிப்போகும்... நாளைக்குத் திட்டுவாள். திட்டிவிட்டுப் போகட்டும் என்று இறங்கினார்.

டொக்... டொக்டொக்டொக்டொக்... டொக்.

அரைமணி கூட ஆகவில்லை. முதலில் வந்தது வாசனை. பச்சை மண் வாசனை, புதுக்குழி வெட்டினால் வருமே, அது. நாய்கள் குரைப்பதை நிறுத்தின. அப்புறம் மலை முனகியது. பெரிய சத்தம்கூட இல்லை, வாகிரான் சொல்வார்... ஓர் ஆள் தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி இருந்ததாம்.

விடிந்தபோது மேல்குடி இல்லை.

ஐந்து நாள் தோண்டினோம். பாய்ரா என்கிற ஒருத்தியை மட்டும் உயிரோடு எடுத்தோம். லாஸ்த்ரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. மாட்டுக் கொட்டில் உத்திரத்துக்கு அடியில் கிடந்தாள். அவள் புருஷன் கிடைக்கவில்லை. லாஸ்த்ரி கிடைக்கவில்லை, அவள் புருஷன் கிடைக்கவில்லை, எட்டு மாதக் கைப்பிள்ளை கிடைக்கவில்லை. சார்ப்பின் வெறுங்கையால் தோண்டினார். நகங்கள் பிய்ந்துவிட்டன. அன்றைய கூடையில் சிவப்பரிசி இருந்ததா என்று யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

இறந்தவர்களுக்காக ஏழாம் நாள் பாத்தியா. ஓதி முடித்துச் சோறு பரிமாறும்போது பாய்ரா கையில் கட்டோடு சார்ப்பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள், பாவம்.

"அண்ணே, ஒங்க மக கடைசி வரைக்கும் ஒங்கள நெனச்சுட்டுத்தாண்ணே இருந்தா. அன்னிக்கு ராத்திரி ஊத்துத் தண்ணி செவப்பா வந்துச்சு. தரை கிர்ருன்னுச்சு. பிள்ளையத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிறா. 'அக்கா, எல்லாரையும் எழுப்பிக் கீழ போயிருவோமா'ன்னு கேட்டா. நானும் சரின்னேன். அப்பத்தான் ஒங்க கட்டை கேட்டுச்சு. ஒடனே சிரிச்சுட்டாண்ணே. 'அப்பா பாக்காமத் தட்ட மாட்டாரு. இஞ்சித் தண்ணிகூடக் குடிக்காமப் போயிருக்காரு பாருங்க, மழைக்குப் பயந்து'ன்னு சொன்னா. உள்ள போய்ப் படுத்துட்டா."

சார்ப்பின் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அதை வாய்க்கும் கொண்டுபோகவில்லை, தட்டிலும் போடவில்லை. எதிரில் வாகிரான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய்ரா எழுந்துபோய்க் குழம்பு வாளியை எடுத்துவந்து அவர் தட்டில் ஊற்றினாள்.

அன்றிலிருந்து ஊர்க்காவல் முறையெல்லாம் சார்ப்பினுக்கு இல்லை. தினமும் அவர்தான். முட்டியைக் கட்டிக்கொண்டு, தடியை ஊன்றி, முந்நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறுவார். மண்மேட்டில் விடியும்வரை நிற்பார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று ஊர் விட்டுவிட்டது. ஒரு நாள் வாகிரான் பின்னாலேயே போனார்.

"வீட்டுக்கு வாங்க மாமா. இங்க என்ன இருக்கு?"

"ஸ்... கேளு."

மண்மேடு. மழைத்தூறல். ஒன்றுமில்லை... அப்புறம் கேட்டது. காலுக்கடியில், வெகு ஆழத்தில். குறட்டை. ஓர் ஆள் அல்ல, பல பேர். ஒரு குழந்தை தூக்கத்தில் சப்புக்கொட்டுகிற சத்தம். ஓர் ஆண் இரண்டு முறை இருமிவிட்டுப் புரண்டு படுத்தான்.

சார்ப்பின் அழவில்லை. மெதுவாகச் சொன்னார், யாரும் விழித்துவிடக்கூடாது என்பது போல.

"செத்தது அவுங்களுக்கே தெரியாதுடா. இன்னும் தூங்குறாங்க. நான் சொன்ன பொய்ய நம்பித் தூங்குறாங்க. நான் பேர் சொல்லிக் கூப்புட்டுப் பாத்துட்டேன், ராத்திரி ராத்திரியா. எந்திரிக்க மாட்டேங்குறா. கட்டையில தூங்கச் சொன்னேன்ல... கட்டையிலதான் எழுப்பணும்."

இங்கேதான் சிக்கல். ஆபத்துத் தட்டு விளையாட்டில்லை. காரணமில்லாமல் தட்டினால் ஊர் அலறி ஓடும். தட்டியவனை ஊரை விட்டே ஒதுக்குவார்கள். காரணம் சொல்லித்தான் கேட்க வேண்டும். காரணம் சொன்னால், ஏறாமல் தட்டியதையும் சொல்ல வேண்டும்.

வருஷ பாத்தியாவில் சொன்னார். ஊரே பள்ளிவாசலில் கூடியிருந்தது. எழுந்து நின்று, தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் மேல ஏறல. ஏறாமத் தட்டுனேன். ஏறியிருந்தா ஊத்து செவந்தது தெரிஞ்சிருக்கும். எல்லாரையும் கொன்னது மலை இல்ல. இப்ப அவுங்கள எழுப்ப வுடுங்க. அது ஒண்ணுதான் கேக்குறேன்."

பாய்ரா எழுந்தாள். அவரை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். அவள் தட்டைக் கவிழ்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மனசு கலங்கியிருக்கீரு. போய்ப் படும்" என்றார். வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அன்று இரவு இரண்டு மணிக்குக் கொட்டகையில் கட்டை இல்லை.

ஓர் ஆள் தூக்கக்கூடிய கட்டையா அது? பச்சைக் கன்றுக்குட்டி கனம் கனக்கும். சார்ப்பின் அதை இறக்கித் தோளில் வைத்து, பதினோராம் படியில் சரிந்து கிடந்தார். இருட்டில் இன்னொரு கை வந்து மறுமுனையைத் தூக்கியது. வாகிரான்தான். இரண்டு பேரும் பேசவில்லை. பத்துப் படிக்கு ஒருமுறை இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி... மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. மண்மேட்டு ஓரத்தில் ஒரு கிளையில் கட்டையைக் கட்டினார்கள்.

சார்ப்பின் தட்டினார். நிறுத்தாமல். டொக்டொக்டொக்டொக்டொக்டொக்... கை ஓயும்போது மறு கைக்கு மாற்றித் தட்டினார். கீழே ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கதவுகள், கூச்சல், பிள்ளைகளின் அழுகை.

அப்போது மண்ணுக்கடியில் குறட்டை நின்றது.

ஒரு தாழ்ப்பாள் விலகியது. கிறீச்... இரும்புத் தாழ்ப்பாள். பிறகு இன்னொன்று. மூன்று. நான்கு. வாகிரான் என்னிடம் இந்த இடத்தைச் சொன்னபோது விரல் மடக்கித்தான் சொன்னார். ஏழு. அப்புறம் காலடிகள். சேற்றில் சளக் சளக்கென்று, அவசரமாக. ஆள் ஒருவரும் இல்லை. காற்று மட்டும் இரண்டு பேரையும் உரசிக்கொண்டு போனது. அதில் குழந்தைக்குத் தேய்க்கும் தைல வாசனை அடித்தது. ஒரு காலடி மட்டும் சார்ப்பின் எதிரில் வந்து நின்றுவிட்டது.

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. கண்ணீர் தாடையில் வழிய, அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நிக்காதம்மா. பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கீழ ஓடு. அப்பா வரேன்."

கீழே நாங்கள் எல்லோரும் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றோம். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலை அசையவில்லை. அவரைச் சபித்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் படியில் அந்தச் சளக் சளக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். வர வர நெருங்கியது. யாரும் சொல்லாமலே கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. எங்களுக்கு நடுவே அவர்கள் போனார்கள். ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டே போனது. ஓர் ஆண் இரண்டு முறை இருமினான். பாய்ரா இருட்டில் கையை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு..." என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

சத்தம் ஆற்றுப்பக்கம் போய் அடங்கியது. விடிந்து பார்த்தால் முற்றத்து ஓட்டுத்தரையில் சேற்றுக் கால்தடங்கள், பெரிதும் சிறிதுமாக. எல்லாம் ஆற்றை நோக்கி. ஒரே ஒரு ஜோடி மட்டும் திரும்பி, கொய்யா மரத்து வீட்டு வாசலோடு நின்றிருந்தது. அது சார்ப்பின் வீடு.

ஊர் அவரை ஒதுக்கவில்லை. மன்னித்தது என்றும் சொல்ல மாட்டேன். பாய்ரா மட்டும் ஒரு நாள் ஒரு குண்டான் கஞ்சி கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அதன்பிறகு அவர் நான்கு வருஷம் இருந்தார். இரவில் அவர் வீட்டில் தூளி ஆடும் கயிற்றுச் சத்தம் கேட்கும். வாசல் டப்பாவில் தினமும் ஒரு பிடி சிவப்பரிசி இருக்கும். சிவப்பரிசி விளைந்த நிலம் மண்ணுக்கடியில் போயாயிற்று, சந்தையிலும் எங்கள் பக்கம் கிடைக்காது. நாங்கள் கேட்கவில்லை. அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு நடப்போம்.

அவர் இறந்த அன்றோடு டப்பா காலி. மூன்று வருஷமாகக் காலி. அப்பாவை அழைத்துக்கொண்டு மகளும் போய்விட்டாள் என்று வாகிரான் சொன்னார். பலகையில் வீட்டு எண்ணிக்கையை அழிக்க யாருக்கும் கை வரவில்லை. ஆள் இல்லாத மேட்டுக்கு இன்னும் எதற்கு ஏறுகிறோம் என்றால், இதற்குத்தான்.

கதை முடிந்தது. மழை சற்றுத் தணிந்திருந்தது. யாரும் மரவள்ளியைத் தொடவில்லை. தார்ஜோ கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே... கொய்யா மரத்து வீடுன்னா, நீலக் கதவு வீடா? கிணத்துக்கு எதுத்தாப்ல?"

"ஆமா. பூட்டிக் கெடக்குதே, அது."

"அந்த டப்பாவயும் சேத்துத்தாண்ணே நாப்பத்தொண்ணு."

கீழூரில் ஆள் குடியிருக்கும் வீடு நாற்பதுதான். நான் லாந்தரைத் தூக்கிக் கூடைமேல் பிடித்தேன். வெள்ளையரிசி. மேலாக, ஓரத்தில், ஒரு பிடி சிவப்பு.

வாகிரான் எழுந்து வந்து தார்ஜோ பக்கத்தில் உட்கார்ந்தார். நனைந்த தோளில் கை வைத்தார். அவன் வாயிலிருந்து வந்த இஞ்சி வாசனை அப்போதுதான் எனக்கும் எட்டியது.

"மாமா, டப்பாவுக்குப் பக்கத்துல ஒரு டம்ளர் இருந்துச்சு," என்றான் அவன், தப்புச் செய்தவன் போல. "மூடி போட்டு. மேல ஏறி எறங்குனதுல குளிர் தாங்கல. காவலுக்கு வச்சிருக்காங்கன்னு நெனச்சுக் குடிச்சுட்டேன்."

"சூடா இருந்துச்சா?"

"ம்."

தோளில் வைத்த கையை எடுக்காமலே வாகிரான் கேட்டார்.

"கருப்பட்டி?"

"ரொம்ப ஜாஸ்தி, மாமா. நாக்குல இன்னும் இனிக்குது."